அட்டையில் குளவி பொரிக்கிறது, வயலில் முட்டை கறுப்பதில்லை: மருந்து எச்சம்தான் காரணமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர்களுக்கு ட்ரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கொடுக்கிறது. பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும் சிறு குளவி அது; அது ஏறிய முட்டை கறுத்துவிடும், அப்படிப்பட்ட முட்டைகளை ஒட்டியதுதான் அட்டை. பயிர் சம்பா நெல். கட்டுவது பரிந்துரைப்படிதான்: குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் என்ற இனம், நடவுக்குப் பின் 30, 37ஆம் நாள், இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ் என்ற இனம், 37, 44, 51ஆம் நாள். ஒவ்வொரு முறையும் எக்டருக்கு 5 சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை, அதாவது ஏக்கருக்கு 2 சி.சி.

மருந்தே அடிக்காத வயல்களில் பலன் தெரிகிறது. அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு லாம்ப்டா சைஹலோத்ரினோ இமிடாகுளோப்ரிடோ அடித்த வயல்களில்தான் குழப்பம். அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தால் முட்டைகளில் ஓட்டை இருக்கிறது, அதாவது குளவி வெளியே வந்திருக்கிறது. அட்டையைச் சுற்றிச் செத்த குளவியும் இல்லை. ஆனால் அந்த வயல்களில் எடுத்த குருத்துப்பூச்சி முட்டைக் குவியல்களைக் குழாயில் போட்டு வைத்தால் பெரும்பாலும் புழுதான் வருகிறது.

மருந்துக்கடையில் கேட்டால், "பத்து நாள் ஆன மருந்து குளவியைக் கொல்லாது" என்கிறார்கள். கொல்லாமலே அதன் வேலையைக் கெடுக்க முடியுமா? முடியும் என்றால் எத்தனை நாள் இடைவெளி வேண்டும், சேத நிலை தாண்டிவிட்டால் எதை அடிக்கலாம், ஆய்வகம் இல்லாமல் இதை எப்படிச் சோதிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இலைமறை எழுதியது:

முடியும். செத்த குளவியை எண்ணி மருந்தின் பாதுகாப்பை முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. அரை மில்லிமீட்டர் உடல் கொண்ட பூச்சி சேற்று வயலில் விழுந்தால் கண்ணில் படப்போவதில்லை. சாகாத குளவி வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி.

ட்ரைக்கோகிரம்மா பெண் குளவி ஒரு முட்டையை ஒட்டுண்ணியாக்குவதற்கு முன் செய்வதை வரிசையாகப் பாருங்கள். அட்டையில் ஆண்கள் சற்று முன்பாகவே பொரித்து, வெளிவரும் பெண்களுடன் அங்கேயே இணைகின்றன. பிறகு பெண் கிளம்பி, இலையின் மணம், அந்துப்பூச்சி விட்டுச்சென்ற செதில் துகளின் மணம் ஆகியவற்றைப் பிடித்துத் தேடுகிறது. பறப்பதைவிட இலைமேல் நடப்பதே அதிகம். முட்டையைக் கண்டதும் உணர்கொம்பால் தட்டிக்கொண்டே அதன் மேல் நடந்து அளவை மதிப்பிடுகிறது. உள்ளே எத்தனை முட்டை வைப்பது என்று தீர்மானிக்க அந்த அளவு வேண்டும். அப்புறம் முட்டையிடும் ஊசியால் துளைத்து, உள்ளே ஏற்கெனவே வேறு குளவி முட்டை வைத்திருக்கிறதா என்று சோதித்து, கருவுற்ற முட்டையா கருவுறாததா என்று தேர்ந்து வைக்கிறது. இதில் ஒரு படி தவறினாலும் நமக்குப் பலன் இல்லை. அத்தனை படிகளும் நரம்பு வேலை. நாம் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை.

இமிடாகுளோப்ரிட், தையாமெத்தாக்சாம் வகை, அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து நரம்பைத் தவறாகத் தூண்டுகிறது. மணத்தை உணர்வதும் கற்பதும் நினைவில் வைப்பதும் பூச்சி மூளையில் இந்த ஏற்பிகளை நம்பியே நடக்கின்றன. ஈக்களின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நாசோனியா குளவியில் ஜெர்மனியில் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கொல்லாத மிகச் சிறிய அளவு இமிடாகுளோப்ரிட் பட்ட பெண்கள் ஆணின் மணத்துக்கும் பதில் தரவில்லை, தாம் முட்டையிட வேண்டிய பூச்சியின் மணத்தையும் தேடிப் போகவில்லை, இணைசேர்தலும் வெகுவாகக் குறைந்தது. நெல்லுக்கு இன்னும் நெருக்கமான சான்று, புகையான் முட்டையைத் தாக்கும் அனாக்ரஸ் குளவி. சீனாவில் செய்த சோதனையில், சாகாத அளவு இமிடாகுளோப்ரிட் பட்டவை நெற்பயிரின் மணத்தை நோக்கித் திரும்பும் திறனை இழந்தன. ஒட்டுண்ணியாக்கும் எண்ணிக்கையும் சரிந்தது.

லாம்ப்டா சைஹலோத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளின் வழி வேறு. நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்வதால் கால் நடுங்குகிறது, நடை ஒருங்கிணைப்பு போகிறது. அதற்கு முன்பே எரிச்சலூட்டி விரட்டுகிறது: எச்சம் படிந்த இலையில் கால் வைத்த குளவி அங்கே நிற்காமல் கிளம்பிவிடும், அல்லது தேடுவதை நிறுத்திவிட்டுக் காலையும் உணர்கொம்பையும் துடைத்துக்கொண்டே இருக்கும். ட்ரைக்கோகிரம்மாவின் ஆயுளே சில நாள்தான். முதல் இரண்டு நாளில்தான் முட்டையில் பெரும்பங்கை வைக்கிறது. அதில் அரை நாளைத் துடைப்பதில் கழித்தால் மிச்சம் என்ன? மயங்கி விழுந்து பிறகு தெளியும் குளவிகளும் உண்டு, கண்ணாடிக் குழாயில். நெல் வயலில் கீழே தண்ணீர். உங்கள் அட்டைகளைச் சுற்றிச் செத்த குளவி இல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது: பால் விகிதம். குளவிகளில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். பைரித்ராய்டு இணைசேரும் மணத் தொடர்பையே மாற்றுகிறது. ட்ரைக்கோகிரம்மா பிராசிகே என்ற இனத்தில் டெல்டாமெத்ரினின் மிகச் சிறிய அளவே இதைச் செய்ததாகப் பிரான்சில் 1999இல் காட்டினார்கள். இணைசேராத பெண்ணும் முட்டைகளைத் துளைத்து வைக்கும், முட்டையும் கறுக்கும், நாம் மகிழ்ந்துபோவோம். வெளியே வருவது ஆண்கள் மட்டும். இரண்டாம் தலைமுறை அத்தோடு நிற்கும். இணைசேர்ந்த பெண்ணுக்கும் சிக்கல் உண்டு. நாசோனியா பெண் தனியாக இருந்தால் ஆண் முட்டை குறைவாகவும், பக்கத்தில் வேறு பெண்கள் இருந்தால் கூடுதலாகவும் வைக்கும். இமிடாகுளோப்ரிட் பட்டவை இந்தக் கணக்கைச் சரியாகச் செய்யவில்லை என்று 2015இல் பிரிட்டனில் கண்டார்கள்.

எல்லா விளைவும் ஒரே திசையில் போகும் என்றும் எண்ண வேண்டாம். பழ ஈக்களின் புழுவைத் தாக்கும் லெப்டோபிலினா குளவியில், குறைந்த அளவு குளோர்பைரிபாஸ் தேடலைக் கூட்டியதாக 2002இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அந்த மருந்து அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், சிறிய அளவில் நரம்பு கூடுதலாகத் தூண்டப்படுகிறது. ஆனால் வயலில் ஒரு இலையில் அதிகமும் அடுத்த இலையில் குறைவுமாக எச்சம் கிடக்கிறது. அந்த அளவை யாரும் வைத்து ஓட்ட முடியாது. இதை மருந்தின் நன்மையாக எடுத்துச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

---

பூச்சிக்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மருந்தின் மேல் முழுப் பழியையும் போடும் முன் மூன்று விஷயங்களைக் கழித்துவிடுங்கள், காவிரிக்கரை சார்.

முதலாவது, உங்கள் கணக்கிடும் முறை. குருத்துப்பூச்சி முட்டைகளை அடுக்கடுக்காக வைத்து மேலே பழுப்பு மயிரால் மூடிவிடும். ட்ரைக்கோகிரம்மா பெரும்பாலும் வெளி அடுக்கைத்தான் எட்டும். நல்ல வயலில்கூட ஒரே குவியலிலிருந்து புழுவும் குளவியும் சேர்ந்தே வரும். அதனால் "புழு வந்தது" என்பதே தோல்வி ஆகாது. ஒவ்வொரு குவியலையும் தனிக் குழாயில் போட்டு, இலைத்துண்டு காயாமல் ஈரப்பஞ்சு வைத்து, வந்த புழு எத்தனை, வந்த குளவி எத்தனை என்று எழுதுங்கள். அடித்த வயல், அடிக்காத வயல் இரண்டிலும் குறைந்தது இருபது இருபது குவியல் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வந்த குளவிகள் எல்லாம் நீங்கள் விட்டவை அல்ல என்பதையும் கவனியுங்கள். டெலினோமஸ், டெட்ராஸ்டிக்கஸ் இரண்டும் நம் நெல் வயல்களில் தாமாகவே இருப்பவை. மருந்து அவற்றையும்தான் தாக்கியிருக்கும்.

இரண்டாவது, அட்டை. பொரித்த ஓட்டை இருப்பதால் குளவி வயலில்தான் வெளியே வந்தது என்று சொல்ல முடியாது. பேருந்தில் வரும்போதே பாதி பொரித்திருக்கலாம். கட்டும் முன் அட்டையில் எத்தனை முட்டை கறுப்பு, எத்தனை ஏற்கெனவே ஓட்டை என்று கைலென்சால் பாருங்கள். வெயில் நேரத்தில் கட்டியிருந்தாலோ எறும்பு ஏறியிருந்தாலோ மருந்தே இல்லாத வயலிலும் பலன் குறையும். இலைக்கு அடிப்புறமாகக் கட்டுங்கள். குளவி அட்டையிலிருந்து ஏறக்குறைய பத்து மீட்டர்தான் பரவும் என்று வைத்து, ஏக்கருக்கு 40 இடமாவது பிரித்துக் கட்ட வேண்டும். 2 சி.சி.யை நான்கு மூலையில் கட்டிவிட்டுப் போவது வீண்.

மூன்றாவது, அட்டை எங்கே இருந்தது. மருந்துக்கடை அலமாரியிலோ, பூச்சிமருந்துப் புட்டியோடு ஒரே பையிலோ வந்த அட்டை வயலுக்கு வரும் முன்பே கெட்டுவிடும். சில மருந்துகளின் ஆவியே போதும். மருந்து கலந்த கையோடு அட்டையைக் கத்தரிப்பதும் அப்படித்தான். முட்டைக்குள் இருக்கும் வரை குளவியின் கூட்டுப்புழு ஓரளவு பத்திரமாக இருக்கும்; ஆனால் குளவி முட்டையோட்டைக் கடித்துத்தான் வெளியே வரவேண்டும், ஓட்டின் மேல் இருக்கும் மருந்து நேரே வாய்க்குள் போகும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அடித்த வயலில் மட்டும் பலன் இல்லை என்றால், எச்சம்தான்.

கடைக்காரர் சொன்ன "பத்து நாள்" பற்றி: நன்மை செய்யும் பூச்சிகளுக்கான சர்வதேசச் சோதனை முறையில் ஒரு மருந்தின் எச்சம் எத்தனை நாள் தீங்கு செய்கிறது என்று தனியாகவே தரம் பிரிக்கிறார்கள். 5 நாளுக்குள் போனால் குறுகியது, 5 முதல் 15 வரை ஓரளவு நீடிப்பது, 16 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் நீண்டது. அதே முறையில் ஆய்வகச் சோதனையில் தீங்கு 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் தீங்கற்றது, 30 முதல் 79 வரை சிறு தீங்கு, 80 முதல் 99 வரை நடுத்தரம், 99க்கு மேல் கடும் தீங்கு. ட்ரைக்கோகிரம்மாவைப் பொறுத்தவரை இந்தச் சதவீதம் சாவின் கணக்கு அல்ல. ஒட்டுண்ணியாக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. அந்தச் சோதனை முறையை வகுத்தவர்கள் இலைமறை சொன்னதை அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள்.

நெல்லில் நான் கைக்கொள்ளும் இடைவெளி இது. பைரித்ராய்டு எதுவாக இருந்தாலும் அட்டைக்கு முன் இரண்டு வாரம். அசிபேட் போன்ற கரிமப் பாஸ்பரசுக்கும் அதே அளவு. இமிடாகுளோப்ரிட், தையாமெத்தாக்சாம் தெளித்தால் இரண்டு வாரம். பிப்ரோனில் தெளித்திருந்தால் அந்தச் சுற்று அட்டையையே விட்டுவிடுவேன். எமாமெக்டினுக்கு ஒரு வாரம், ஸ்பினோசாடுக்குப் பத்து நாள். இவை வயல் கணக்கு. பயிர் அடர்ந்து வெயில் உள்ளே இறங்காத வயலில் எச்சம் இன்னும் நீடிக்கும், இரண்டு நல்ல மழை பெய்தால் தொடு நஞ்சு சீக்கிரம் குறையும். தெளித்த பின் விரிந்த புது இலைகளில் தொடு நஞ்சின் எச்சம் இருக்காது என்பது நெல்லில் நமக்குச் சாதகம். தூர்கட்டும் பருவத்தில் அட்டையை மேல் இலைகளில் கட்டுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஸ்பினோசாடைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து வருவது, இயற்கையானது என்று சொல்லி விற்கப்படுகிறது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சி போன்ற இரைவிழுங்கிகளை அது பெரிதாகத் தொடுவதில்லை என்பது உண்மை. ஒட்டுண்ணிக் குளவிகளிடம் கதை வேறு. 2003இல் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குளவிகளில் நடந்தவற்றில் பெரும்பாலானவை நடுத்தரத் தீங்கு அல்லது கடும் தீங்கு என்றே முடிந்திருந்தன. "நன்மை செய்யும் பூச்சிக்குப் பாதுகாப்பானது" என்று புட்டியில் எழுதியிருந்தால், எந்தப் பூச்சிக்கு என்று கேளுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். சேத நிலை தாண்டிய வயலில் குளோரான்ட்ரனிலிப்ரோல் அடித்துவிட்டு அட்டை கட்டலாமா? வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் இடைவெளியே தேவையில்லை என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

---

இலைமறை எழுதியது:

குளோரான்ட்ரனிலிப்ரோல் தசையில் கால்சியத்தை வெளியேற்றும் ரையனோடின் வாயிலைத் தாக்குகிறது. அந்த வாயிலை அது புழுக்களில் பிடிக்கும் வலுவில் குளவியில் பிடிப்பதில்லை. ட்ரைக்கோகிரம்மா உட்படப் பல ஒட்டுண்ணிக் குளவிகளில் சோதித்து 2010இல் வெளியான முடிவுகள் அதைத் தீங்கற்ற வகையில் வைத்தன. 18.5 சதவீதத் திரவத்தை ஏக்கருக்கு 60 மி.லி., 200 லிட்டர் நீரில் அடித்து, இலை நன்றாகக் காய்ந்தபின் அட்டை கட்டலாம். ஓரிரு நாள் விடுவது நல்லது. ஈர இலையில் இந்தச் சிறிய குளவி ஒட்டிக்கொண்டுவிடும், அதற்கு மருந்தே தேவையில்லை, ஒட்டும் திரவம் கலந்த நீர் போதும்.

ஆனால் புட்டியின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளடக்கத்தைப் படியுங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோலோடு லாம்ப்டா சைஹலோத்ரின் சேர்த்த கலவை சந்தையில் உண்டு, தையாமெத்தாக்சாம் சேர்த்த குருணையும் உண்டு. "பச்சை முக்கோண மருந்துதானே" என்று லாம்ப்டா சேர்ந்த கலவையை அடித்துவிட்டு அட்டை கட்டினால் பைரித்ராய்டுக்கான இரண்டு வாரக் கணக்கு அப்படியே பொருந்தும். முக்கோணத்தின் நிறம் பாலூட்டிகளுக்கான நச்சுத்தன்மையைச் சொல்வது; குளவியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதற்கு முன், உண்மையிலேயே சேத நிலை தாண்டிவிட்டதா என்று பாருங்கள். குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத நடுக்குருத்து காய்தல். இலைச்சுருட்டுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். நட்ட முதல் மாதம் இலைச்சுருட்டைப் பார்த்துப் பதறி அடிக்கும் பைரித்ராய்டுதான் பிறகு வரும் புகையானுக்கும் வழி திறக்கிறது. முட்டை ஒட்டுண்ணி, சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி எல்லாவற்றையும் அது ஒருசேரக் குறைத்துவிடுகிறது. புகையானுக்கே அடிக்க வேண்டி வந்தால் புப்ரோபெசின், பைமெட்ரோசின் இரண்டும் குளவிகளுக்கு ஒப்பீட்டளவில் நல்லவை.

வேம்பு விஷயத்தில் உறுப்பினர்கள் சொல்வது பாதி சரி. அசாடிராக்டின் வளர்ந்த குளவியைப் பெரிதாகக் கொல்வதில்லை. ஆனால் வேப்பெண்ணெய் படிந்த முட்டையைக் குளவி தட்டிப் பார்த்துவிட்டுத் துளைக்காமல் போவது உண்டு. முட்டையிடத் தடுப்பதற்காகத்தான் வேம்பை அடிக்கிறோம். அந்தத் தடுப்பு அந்துப்பூச்சிக்கு மட்டும் என்று எல்லை போட முடியாது. வெயிலில் சீக்கிரம் சிதைவதால் தெளித்து 4, 5 நாள் கழித்து அட்டை கட்டினால் போதும். அட்டை கட்டிய பிறகு அடிப்பதாக இருந்தால் குளவி பொரித்து வேலையை முடிக்க ஒரு வாரம் விடுங்கள்.

---

செம்மண்காடு எழுதியது:

நெல்லைத் தாண்டி, மாவுப்பூச்சிக் குளவி விட்டிருக்கும் மரவள்ளி, பப்பாளித் தோட்டக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். அங்கே மருந்து குளவியிடம் போய்ச் சேரும் வழி வேறு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள், அடங்கவில்லை. மெழுகு போர்த்திய பூச்சியில் மருந்து ஒட்டாது. ஊரில் இருந்த இயற்கை எதிரிகள்தான் குறைந்தன. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே குளவியை விட்டபின்தான் அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தெரிந்தது. அதற்கான அனாகிரஸ் லோபசி (மேலே வந்த அனாக்ரஸ் அல்ல, வேறு இனம்) குளவியைப் பெனினிலிருந்து தருவித்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டார்கள். இதே குளவிதான் 1981 முதல் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது.

இந்தக் குளவிகளுக்குத் தேன் பூவில் இல்லை, மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக் கழிவில் இருக்கிறது. வேரில் ஊற்றிய தையாமெத்தாக்சாம் சாற்றில் ஏறி, சாற்றை உறிஞ்சிய மாவுப்பூச்சி வழியாக அந்தக் கழிவுக்கு வந்துவிடுகிறது. ஸ்பெயினில் எலுமிச்சை வகை மரங்களில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள்: மருந்து பெற்ற மரத்தின் மாவுப்பூச்சிக் கழிவைக் குடித்த அனாகிரஸ் இனக் குளவியும் மிதவை ஈயும் செத்தன. தையாமெத்தாக்சாமைத் தெளித்தாலும் மண்ணில் ஊற்றினாலும் இதே முடிவுதான். "வேரில் ஊற்றினால் குளவி மேல் படாது, அதனால் பாதுகாப்பு" என்ற பரிந்துரை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. குறைந்த அளவு குடித்துச் சாகாத குளவிக்கு என்ன ஆகும் என்பதை இலைமறை மேலே எழுதிவிட்டார்.

அதோடு அனாகிரஸ் லோபசி பெண், சிறிய மாவுப்பூச்சிகளைக் குத்தி அதன் உடற்சாற்றையும் குடிக்கும். முட்டை முதிர அதற்குப் புரதம் வேண்டும். அங்கேயும் ஊடுருவு நஞ்சு காத்திருக்கிறது. அமெரிக்காவில் பருத்தியில் 2000இலேயே இதன் இன்னொரு வடிவத்தைக் காட்டிவிட்டார்கள்: ஊடுருவு நஞ்சு கொடுத்த பருத்தியின் இலைத்தேனைக் குடித்த மைக்ரோபிளிட்டிஸ் குளவிக்கு ஆயுளும் புழுவைத் தேடிப் பிடிக்கும் திறனும் குறைந்தன.

ஆகவே மரவள்ளியில் குளவி விட்ட தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் ஊடுருவு நஞ்சைத் தொடவே வேண்டாம். கரணை நேர்த்திக்கு மருந்து பயன்படுத்தியிருந்தால் செடி சில மாதம் வளர்ந்தபின் குளவி விடுங்கள். நுனி சுருண்ட கொத்தை ஒடித்து எரிக்க வேண்டாம். அதில் மம்மியாகிப் பழுப்பேறிய மாவுப்பூச்சிக்குள் குளவி இருக்கும். வலைப்பெட்டியில் போட்டுக் குளவி வெளிவந்தபின் அழியுங்கள். அவசரம் என்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி நுனியைக் கழுவுவது மருந்தைவிட நல்லது.

நெல்காரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நெல்லில் தேன் இல்லை. வரப்பில் எள், தட்டைப்பயறு விதைப்பது குளவிக்கு உணவு கிடைக்கத்தான். தட்டைப்பயறு பூக்காதபோதும் காம்பில் தேன் சுரக்கும். அந்த வரப்புப் பயிருக்கு ஊடுருவு நஞ்சில் விதைநேர்த்தி செய்வதும், வயலுக்கு அடிக்கும்போது விசைத்தெளிப்பானை வரப்பு வரை வீசுவதும் உணவிலேயே நஞ்சு வைப்பதாகும். வரப்பிலிருந்து மூன்று நான்கு வரிசை உள்ளே நிறுத்தி அடியுங்கள், காற்று வயலுக்குள் வீசும் பக்கத்திலிருந்து.

---

பூச்சிக்கணக்கு எழுதியது:

சோதிக்கும் முறை கேட்டிருந்தீர்கள். இரண்டு சோதனை சொல்கிறேன். இரண்டுக்கும் தேவை அட்டை உற்பத்தி செய்யும் மையத்திலிருந்து அன்று எடுத்த, புழு வராதபடி புற ஊதா ஒளி காட்டிய கார்சைரா (அரிசி அந்துப்பூச்சி) முட்டை. அதை அட்டையோடு சொல்லி வாங்கிவிடலாம்.

முதலாவது இலைச் சோதனை. மருந்து அடித்த வயலிலிருந்து 1, 3, 7, 10, 14ஆம் நாள் இலை பறியுங்கள். ஒவ்வொரு முறையும் அடிக்காத வயலிலிருந்தும் பறிக்க வேண்டும். ஒப்பீடு இல்லாத சோதனையில் ஒன்றும் தெரியாது. ஒரு கையகல நீளத்துக்கு வெட்டிய இலைத்துண்டு இரண்டை ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் போடுங்கள். பொரித்து ஒரு நாளுக்குள்ளான குளவிகள் இருபது, முப்பது உள்ளே விடுங்கள். குளவி வெளிச்சத்தை நோக்கி ஓடும். புதுக் குழாயின் அடியை சன்னல் பக்கம் காட்டினால் தாமே ஏறிவிடும், ஊதவோ தட்டவோ வேண்டாம். பாதித் தேன் பாதித் தண்ணீர் கலந்து ஊசிமுனையால் ஒரு கோடு உள்சுவரில் போடுங்கள்; சொட்டாக வைத்தால் அதில் விழுந்து சாகும், அதை மருந்தின் சாவு என்று எண்ணிவிடுவோம். வாயை மெல்லிய கறுப்புத் துணியால் கட்டுங்கள். ஒவ்வொரு நாளின் இலைக்கும் குறைந்தது ஐந்து குழாய், அடிக்காத இலைக்கு ஐந்து.

ஒரு நாள் கழித்து, ஏறக்குறைய 200 முட்டை ஒட்டிய சிறு அட்டையை உள்ளே வையுங்கள். அடுத்த நாள் அதை எடுத்துத் தனிக் குழாயில் போட்டு, அதிகச் சூடில்லாத அறையில் ஐந்து நாள் வைத்தால் ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுத்திருக்கும். எண்ணுங்கள். அடித்த இலையின் சராசரியை அடிக்காத இலையின் சராசரியால் வகுத்து, 100ஆல் பெருக்கி, 100இலிருந்து கழித்தால் வருவது திறன் குறைந்த சதவீதம். அடிக்காத குழாயில் சராசரி 160 கறுத்து, அடித்ததில் 48 கறுத்தால் குறைவு 70 சதவீதம். குளவி எல்லாம் உயிரோடு இருந்தாலும் அந்த இலை அட்டைக்குத் தகுதியில்லை. குறைவு 30க்குக் கீழே இறங்கும் நாள்தான் உங்கள் வயலுக்கு, உங்கள் மருந்துக்கு உரிய இடைவெளி.

அதோடு நின்றுவிடாமல் கறுத்த முட்டைகளைப் பொரிக்க விடுங்கள். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 40 மடங்கில் பார்த்தால் ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர் தெரியும், பெண்ணுடையது முனை தடித்துக் குண்டாந்தடி போல இருக்கும். அடித்த இலையின் குழாய்களில் ஆண் பங்கு தெளிவாகக் கூடியிருந்தால், கறுப்பு எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் அந்த மருந்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, வயலிலேயே வைக்கும் கண்காணிப்பு அட்டை. குழாய்க்குள் குளவிக்குத் தேடும் வேலை இல்லை, முட்டை கண்முன்னே இருக்கிறது. மணத்தை இழந்த குளவிகூட தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துவிடும். அதனால் குழாயில் தேறிய மருந்து வயலில் தோற்கலாம். இமிடாகுளோப்ரிட் போன்றவற்றில் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி அட்டை கட்டிய மறுநாள், அதிலிருந்து 3 மீட்டர், 6 மீட்டர், 9 மீட்டர் தூரத்தில் ஒட்டுண்ணி ஏறாத கார்சைரா முட்டை ஒட்டிய சிறு துண்டுகளை இலையின் அடிப்புறம் கட்டுங்கள். எறும்பும் பொறிவண்டும் தின்னாமல் இருக்கக் கட்டும் நூலில் கிரீஸ் தடவலாம். 24 மணி நேரம் கழித்து எடுத்து வந்து ஐந்து நாள் வைத்துக் கறுத்ததை எண்ணுங்கள். அடித்த வயலில் 3 மீட்டரில் கறுத்து 9 மீட்டரில் வெறுமையாக இருந்து, அடிக்காத வயலில் மூன்றிலும் கறுத்திருந்தால், குளவி உயிரோடு இருக்கிறது, தேடத்தான் முடியவில்லை என்று பொருள்.

மழை பெய்த நாளில் இதை வைக்க வேண்டாம். கார்சைராவை விரும்பிக் கைலோனிஸ் நன்றாக ஏறும், ஜப்பானிகம் சற்றுக் குறைவாக ஏறலாம். ஆகவே இரண்டு இனத்தின் எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒரே இனத்தை அடித்த வயலுக்கும் அடிக்காத வயலுக்கும் இடையே மட்டும் ஒப்பிடுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

இது போதும், நன்றி. அடுத்த சுற்றுக்கு அட்டை பதிவு செய்யும் படிவத்தில் கடைசியாக அடித்த மருந்தின் உள்ளடக்கம், அடித்த நாள் என்று இரண்டு வரி சேர்க்கிறோம். இரண்டு வாரம் ஆகாத வயலுக்கு அந்தத் தேதியில் அட்டை கொடுக்காமல் அடுத்த தேதிக்குத் தள்ளலாம் என்று நினைக்கிறேன்.

---

இலைமறை எழுதியது:

நல்ல ஏற்பாடு. பக்கத்து வயலில் அடித்த மருந்துக்கும் ஒரு வரி சேருங்கள். உங்கள் பக்கத்தில் வயல்கள் சிறியவை. காற்று வாட்டத்தில் அடுத்த வயலின் விசைத்தெளிப்பான் மருந்து ஓரத்து அட்டைகள் வரை வரும். அப்படிப்பட்ட வயலில் அட்டைகளை ஓரத்திலிருந்து பத்து மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். 30ஆம் நாள் ஜப்பானிகத்தைத் தள்ளினால் 37ஆம் நாளுக்கு இரண்டையும் சேர்த்துக் கட்டலாம், ஆனால் அதே அளவில். விட்டுப்போனதை ஈடுகட்ட இரட்டிப்பாகக் கட்டுவதால் எச்சம் படிந்த இலையில் கூடுதல் குளவி வீணாகுமே தவிர வேறு பயன் இல்லை.